எஞ்சின் இல்லாத காரும் உன் அம்மாவின் பெட்ரோலும்

கண்ணான தமீமுக்கு, சலமியாவிலிருந்து உன் சித்தப்பா ஷிஹாப் எழுதுவது. ஆண்டவன் தயவில் இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே ஸ்வீடன் குளிரில் உன் காதும் மூக்கும் உதிராமல் இருக்கின்றன என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பெட்ரோல் என்ற பேச்சை எடுத்தாலே கேட்கக் கூடாதவர்கள் ஒட்டுக்கேட்டுவிடுகிறார்கள், போதாததற்கு உன் அம்மா பக்கத்தில் நின்று போனைப் பிடுங்குவாள். அதனால் எதிர்வீட்டு டாக்ஸிக்காரன் ஃபயாதின் மைத்துனன் பெய்ரூட் போகும்போது சட்டைக்குள் வைத்துக் கொடுத்து விடுகிறேன், அங்கே போய்ப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவான். பிழை இருந்தால் திருத்திப் படி. ஆறாம் வகுப்போடு நான் நின்றபோது வாத்தியாரே அழுதார், சந்தோஷத்தில் அழுதார் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது பொறாமையில்.

உன் அம்மா வாரம் இரண்டு தடவை ஹமா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஒரு தடவை தவறினால் கால் வீங்குகிறது, இரண்டு தவறினால் மூச்சு முட்டுகிறது, அதற்கு மேல் டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மினிபஸ் நின்றுபோயிற்று. அரசாங்க விலைக்குக் கிடைக்கிற டீசலை அப்படியே வெளியில் விற்றால் வண்டி ஓட்டுவதைவிட லாபம் என்றால் எவன் ஓட்டுவான்? ஃபயாதின் டாக்ஸிதான் கதி. அவன் தங்கமானவன், ‘காசெல்லாம் வேணாம் ஷிஹாப் அண்ணே, வண்டிக்குப் பெட்ரோலை மட்டும் ஊத்திடுங்க, அண்ணியை நான் பூ மாதிரி கொண்டுபோய்ட்டு வரேன்’ என்றான். ரோட்டோரம் பாட்டிலில் விற்கிற பெட்ரோலின் விலையோ நீ அனுப்பும் பணத்தை ஒரே மடக்கில் குடித்துவிடும், அதிலும் பாதி தண்ணீர்.

அப்போதுதான் உன் அப்பாவின் வெள்ளைக் கார் என் மூளையில் பளிச்சிட்டது. சண்டை தொடங்கி இரண்டாவது குளிர்காலத்தில் அதன் எஞ்சினைக் கழற்றி ஒரு விவசாயிக்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விற்றோமே, ஞாபகம் இருக்கும். அரசாங்கம் பெட்ரோல் தருவது ஆளுக்கு இல்லை, காருக்கு. கேனில் ஊற்றக்கூடாது, டேங்கில்தான் ஊற்ற வேண்டும். நம் காருக்கு டேங்க் இருக்கிறது, உன் அம்மா பெயரில் கார்டு இருக்கிறது, முறை வந்ததும் போனில் செய்தியும் வருகிறது. எஞ்சின் இருக்கிறதா என்று எவனும் கேட்கவில்லை. வரிசையில் எல்லோருமே எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள், அந்தக் கூட்டத்தில் நம் காரும் ஒன்று. சொந்தக்காரி என்பதால் உன் அம்மாதான் ஸ்டியரிங் பிடிப்பாள், எடையும் குறைவு பார், பின்னால் நானும் ஃபயாதும் இன்னும் இரண்டு பேரும். என் தோள் பலத்துக்கு நான் ஒருவனே போதும், மற்றவர்கள் சும்மா கையை வைத்துக்கொண்டு வந்தார்கள். வளைவில் அவள் தலையை வெளியே நீட்டி, ‘பலமாத் தள்ளுங்கடா, மத்தியானச் சாப்பாடு யாரு போட்டது!’ என்று கத்துவாள். நீ போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அந்தப் பங்க் வரிசையில்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எடுப்பது என் வேலை. ஒரு சொட்டு நாக்கில் பட்டால் எந்த ஊர் பெட்ரோல் என்று சொல்லிவிடுவேன்.

இந்தக் குளிர்காலம் புது உத்தரவு போட்டார்கள். பங்க்கில் அதிகாரி எதிரில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டினால்தான் பெட்ரோல். ஊரில் பாதிப் பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. முடிதிருத்தும் கடையில் இருந்த குட்டி ஜெனரேட்டரை வாங்கிவந்து பானெட்டுக்குள் எஞ்சின் இடத்தில் கட்டிவைத்தேன். ஓடவிட்டால் கார் உறுமுகிறது, அதிர்கிறது, பின்னால் புகைக்குழாய் வழியாகப் புகையும் வருகிறது. ஜெர்மன்காரன் பார்த்திருந்தால் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருப்பான். பங்க் திருப்பத்திலேயே ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு, கியர் விழவில்லை என்று சொல்லிக்கொண்டே ஜம்மென்று தள்ளிக்கொண்டு போனோம். அதிகாரி சின்ன வயது, காது வைத்துக் கேட்டான், திருப்தி. ‘சரிம்மா, ஆஃப் பண்ணுங்க, பெட்ரோல் போடணும்’ என்றான். உன் அம்மா சாவியைத் திருப்பினாள். கார் உறுமியது. மறுபடி திருப்பினாள். சாவியையே கையில் எடுத்துக் காட்டினாள், அப்போதும் உறுமியது. அணைக்கும் விசை பானெட்டுக்குள் இருக்கிறது, தமீம், அந்த ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வரிசை முழுக்கச் சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டான், சத்தியமாகச் சொல்கிறேன், போங்கம்மா என்று விட்டிருப்பான். பின்னாலிருந்து ஒரு மூதேவி, ‘நம்ம அரசாங்கம் மாதிரிங்க, சாவியைப் பிடுங்கினாலும் நிக்காது’ என்று குரல் கொடுத்தான். அவ்வளவுதான். ஒரு நொடியில் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். சிரித்த அதிகாரி தான் சிரித்ததை யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்த்தான். காரையும் கார்டையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உன் அம்மாவும் நானும் நடந்தே வீட்டுக்கு வந்தோம், வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவைதான் போக முடிந்தது. போன வாரம் அதுவும் இல்லை. செருப்புக்குள் கால் நுழையவில்லை, முகம் காலையில் மாவு மாதிரி இருக்கிறது. குழல் வைத்து உறிஞ்சுகிற அந்த மாத்தே டீ மட்டும் வேண்டுமாம், தண்ணீரே அளந்து குடிக்க வேண்டியவளுக்கு மாத்தே. நேற்று என்னைக் கூப்பிட்டு, ‘எனக்காகக் கேனைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையாதே ஷிஹாப். அந்தப் பெட்ரோல்ல ஃபயாத் நாலு சவாரி ஓட்டி அவன் புள்ளைங்களாவது சாப்பிடட்டும். நான் இனிமே போகல, தமீமுக்குச் சொல்லாதே’ என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். கிழக்கேயிருந்து பாலைவன ரோட்டில் வருகிற எண்ணெய் டாங்கர்களுக்குக் காவலாக ஆள் எடுக்கிறார்கள். கூலி பெட்ரோலாகவே, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கேன். வயது நாற்பத்தைந்து என்றேன், என் உடம்பைப் பார்த்து ஆள் எடுக்கிறவன் நாற்பது என்றே எழுதிக்கொண்டான். போன மாதம் ஒரு வரிசை டாங்கரை அங்கே கொளுத்தினார்கள், புகை நம் மாடியிலிருந்தே தெரிந்தது. காவலுக்குப் போனவர்கள் பொடிப்பயல்கள், உன் சித்தப்பா அப்படியா? நாளைக் காலை கிளம்புகிறேன். கேன் நேராக ஃபயாத் வீட்டு வாசலில் இறங்கும்படி பேசிவிட்டேன், நான் கூட வந்தாலும் வராவிட்டாலும்.

உன் அம்மாவிடம் மஸ்யாஃபில் ஆலிவ் எண்ணெய் ஆலையில் வேலை, முதலாளி கூலியாகப் பெட்ரோல் தருகிறான் என்று சொல்லியிருக்கிறேன். நான் எது சொன்னாலும் அவள் பாதிதான் நம்புவாள், நீ சொன்னால் முழுதாக நம்புவாள். வெள்ளிக்கிழமை கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டு, ஆலை முதலாளியிடம் நீயே பேசினதாகச் சொல். பெட்ரோல் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று சண்டை போடு. நன்றாக அழுத்திச் சொல்லவேண்டும். ஏனென்றால் சற்றுமுன் அவள் உன் அப்பாவின் கட்டம்போட்ட தலைத்துண்டைத் தேடி எடுத்து என் பையில் வைத்து, ‘மணல்காத்து அடிக்கும், மூஞ்சியை மூடிக்கோ’ என்றாள். ஆலைக்குள் ஏது மணல்காற்று?

என்ன நடந்தாலும் நீ இங்கே வராதே, ஏர்போர்ட்டிலேயே பட்டாளத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. உன் அப்பா இருந்திருந்தால் எப்படி வாழ்த்துவாரோ அதைவிட ஒரு பங்கு கூடுதலாக நான் வாழ்த்துகிறேன். வெள்ளிக்கிழமையை மறக்காதே.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா,
ஷிஹாப்