அணைந்த எரிமலையை வலம் வந்தேன், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

உன் மகன் எரிமலை ஏறிவிட்டான்! பயப்படாதே, எப்போதோ அணைந்துபோனதுதான். ஸ்ரீசிட்டி கம்பெனியில் என்னைக் கொரியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். லீவு நாளில் கூட்டாளிகளோடு ஜேஜு தீவுக்குப் போனேன்.

பானையைக் கவிழ்த்து வைத்ததுபோல் அங்கே திரும்பின பக்கமெல்லாம் சின்னச் சின்ன மலைகள். ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கினவையாம். இப்போது உச்சிக் குழியில் புல் முளைத்திருக்கிறது, அடிவாரத்தில் குதிரை மேய்கிறது. நீ வந்திருந்தால் மலையை விட்டுவிட்டு, மாட்டுக்குப் பார்ப்பதுபோல் குதிரைக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பாய்.

அம்மா சேதி தெரியுமா? நீ போனதிலிருந்து அவள் வாசல் தாண்டவில்லை. பொங்கலுக்கு மறுநாள், கனுமு அன்று, இருவரும் ஜோடியாகக் காளஹஸ்தி மலையைச் சுற்றுவீர்களே, இந்த வருஷம் அதற்கும் வரவில்லை. அவளுக்குக் காட்டத்தான் உச்சியில் நின்று வீடியோ கால் போட்டேன்.

எடுத்த எடுப்பில் திட்டு. "ஷூ போட்டுக்கினா மலமேல நிக்கிற?"

"இது கோயில் மல இல்லம்மா. பழைய எரிமல."

"நெருப்பு இருந்த எடத்துல சாமி இல்லாமயா பூடும்? எறங்கி, ஷூவ கழட்டிட்டு ஒரு சுத்து சுத்து. உங்க நைனா பேர சொல்லி."

தட்ட முடியுமா? இறங்கி, ஷூவை அடிவாரத்தில் விட்டு, போனைப் பிடித்தபடி வலம் வந்தேன். கறுப்புச் சரளை உள்ளங்காலைப் பதம் பார்த்தது. போனுக்குள் அம்மா "சிவ சிவா" சொல்லிக்கொண்டே வந்தாள். வெகுநேரம் நடந்தும் ஷூவைக் காணோம். எல்லா மலையும் ஒரே அச்சு, நைனா! நாணலுக்குள் பாதை மாறி, இரண்டு மலையைச் சேர்த்துச் சுற்றி, மூன்றாவதன் அடியில் நிற்கிறேன். அந்தப் புண்ணியமெல்லாம் உனக்கு வந்து சேர்ந்ததா?

"டேய், யார் மலைய சுத்திக்கினு கீற?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் பார்! முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. குதிரைகள் பார்க்க நின்று அழுதேன்.

அப்புறம் அவளே சொன்னாள்: "வர்ற கனுமுக்கு நானும் வரேன்டா. உன்ன தனியா வுட்டா வேற எந்த மலையயாச்சும் சுத்திக்கினு வந்துருவ."

கட்டாயம் கூட்டிப்போகிறேன், நைனா. அவள் கையைப் பிடித்து மெதுவாகவே நடப்பேன். நீ எப்போதும் விறுவிறுவென்று முன்னால் போய், வளைவில் நின்று அவளுக்காகக் காத்திருப்பாயே, அங்கேயே நில். வந்துவிடுகிறோம்.

கடைசியில் ஷூவைக் கண்டுபிடித்துவிட்ட
உன் மூத்த மகன்