அண்ணனுக்கு முன்னால் ஒருத்தி

மார்ச் 4
எங்கள் வம்சாவளியில் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒன்பது பிள்ளைகள் என்று எழுதி வைத்திருந்தேன். உண்மையில் பதினொரு பேர் என்று இன்று தெரிந்தது. மற்ற இரண்டும் பிறப்புப் பதிவேட்டில் இல்லை, இறப்புப் பதிவேட்டிலும் இல்லை. இறந்தே பிறந்த குழந்தைகளுக்குப் பதிவு அலுவலகத்தில் தனிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒல்லியான புத்தகம். குழந்தையின் பெயர் என்ற கட்டமே அதில் கிடையாது.

மார்ச் 5
தும்மல். பழைய தாளின் தூசி.

மார்ச் 11
பதிவு அலுவலக எழுத்தரிடம் ஆண்டைச் சொன்னால் போதும், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்த ஒல்லிப் புத்தகத்தையும் புரட்டிவிடுகிறேன். இன்று அதில் அம்மாவின் பெயர். அப்பா பெயர், பழைய வீட்டு முகவரி எல்லாம் சரி. பெண் குழந்தை. எட்டு மாதம் முடிந்து. அண்ணன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால்.

நகல் எடுத்தேன். பக்க எண்ணைக்கூடச் சரியாகக் குறித்திருக்கிறேன். பஸ்ஸில்தான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 12
அண்ணனிடம் போனில் சொன்னேன். "அப்ப நான் மூத்தவன் இல்லையா? இத்தனை வருஷம் சும்மாவா அதிகாரம் பண்ணேன்?" என்று சிரித்தான். பிறகு குரல் மாறியது. அம்மாவிடம் வாயைத் திறக்காதே, எழுபத்தெட்டு வயதில் இது தேவையா என்றான். நியாயம்தான். நியாயம்தானா?

மார்ச் 19
சொல்லவில்லை.

மார்ச் 23
மேசையைத் துடைக்க வந்த அம்மா நகலைப் பார்த்துவிட்டாள். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"பொண்ணா?"

அதுகூட அவளுக்குத் தெரியாது. துணியில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்களாம். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாராம். இவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அப்பா போயே பன்னிரண்டு வருடம் ஆகிறது.

"எங்க வச்சாருன்னு பாத்துச் சொல்லு. அதையும் எழுதியிருப்பாங்கல்ல?"

ஐயோ, அதை ஏன் மேசையிலயே விட்டேன்? தெரிஞ்சேதான் விட்டேனா—

ஏப்ரல் 2
இடுகாட்டு அலுவலகம். அடக்கப் பதிவேடு இருக்கிறது. வடக்கு மதில், நான்காவது வரிசை, பதினேழு. கல் எதுவும் வைக்கவில்லை. இடத்தைப் போய்ப் பார்த்தேன், புல்தான். பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

ஏப்ரல் 3
அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரல் 5
அண்ணன் போன் செய்தான். அம்மாவே சொல்லிவிட்டாளாம். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"நானும் வரேன். அக்கா எங்க இருக்கான்னு எனக்கும் தெரியணும்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இதுவரை ஆள் இருந்ததில்லை. எட்டரைக்குக் கிளம்புகிறோம் என்று சொன்னேன்.