பேச வேண்டாம் என்று எழுதிய ஏப்ரன்

மார்ச் 3, செவ்வாய்

சம்மதம் கிடைத்துவிட்டது! பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி எங்கள் ஆண்கள் வார்டில் மருந்து கொடுக்கும் நர்ஸ் சிவப்பு ஏப்ரன் கட்டிக்கொள்வாள். முன்னும் பின்னும் கொட்டை எழுத்தில், “மருந்து நேரம். பேச வேண்டாம்.” அவ்வளவுதான் என் திட்டம். போன மாதம் நான் இன்சுலினை அளக்கும்போது ஒரு பக்கம் போன், ஒரு பக்கம் நோயாளியின் மைத்துனர், நடுவில் டாக்டர். சிரிஞ்சில் இரண்டு மடங்கு ஏற்றிவிட்டேன். குத்துவதற்கு முன் கண்ணில் பட்டது, பிழைத்தோம். அன்றைக்குப் பிறந்த யோசனைதான் இந்த ஏப்ரன்.

மார்ச் 5, வியாழன்

முதல் நாள். டாக்டர் ஏதோ கேட்க வந்தார், ஏப்ரனைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு நின்றார். என் சர்வீஸில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு, பேப்பர் படிக்கும்போது கட்டிக்கறேன்.” குசும்பு.

மார்ச் 9, திங்கள்

ஒரு தவறுகூட இல்லை. அடுத்த திங்கள் ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. சரி என்றால் எல்லா வார்டுக்கும் ஏப்ரன். கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 14, சனி

எழுதவே கை வரவில்லை.

ஜன்னலோரப் படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கால் புண்ணுக்காக நேற்றிரவு புது ஊசி மருந்து தொடங்கினார்கள். இன்று காலை இரண்டாவது ஊசியை நான்தான் போட்டேன். கையைச் சொறிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தார், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார். நானும் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். சற்று நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்து — டாக்டர் ஓடி வந்து அலர்ஜிக்கு மாற்று ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து — ஐயோ, போயிருப்பார்.

சாயந்திரம் தெளிந்ததும் கேட்டேன். “அரிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஐயா?”

“ராத்திரியிலிருந்தே அரிப்புதான். நீங்க பேச வேண்டாம்னு போட்டிருந்தீங்களே சிஸ்டர். படியில நிக்காதேன்னு முப்பது வருஷம் கத்தினவன் நான். போட்டிருக்கறதை நானே மதிக்கலேன்னா எப்படி?”

அவர் சொல்லவில்லை, சரி. நான் ஏன் கேட்கலை? முன்னாடியெல்லாம் எப்படி இருக்கீங்கன்னு கேக்காம ஊசியைத் தொட்டிருக்கேனா? அந்தத் துணியைக் கட்டினதும் எனக்கும் வாய் போயிடுச்சு.

மார்ச் 15, ஞாயிறு

பெரிய சிஸ்டர் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். “அலர்ஜி யாருக்கும் வரும். அதை ஏன் ஏப்ரனோட முடிச்சுப் போடறே? நாளைக்குக் கமிட்டி முடியட்டும்.”

சொன்னால் ஏப்ரனைத் தூக்கிவிடுவார்கள், மறுபடி போனும் மைத்துனரும் இன்சுலினும். சொல்லாவிட்டால் எட்டு வார்டிலும் நோயாளிகள் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள். நோயாளியைக் காப்பாற்ற வந்த விதி அவர் வாயையே அடைத்தால் அது யாருக்கு விதி?

சொல்லத்தான் போகிறேன்.

மார்ச் 16, திங்கள்

சொன்னேன். பெரிய டாக்டர், “அப்ப நிறுத்திடலாம்” என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! “நிறுத்த வேணாம் சார், எழுத்தை மாத்துங்க. யார் பேசக் கூடாதுன்னுதான் நாம யோசிக்கலை.” முக்கால் மணி நேரம் வாதாடினேன். மற்ற வார்டுகளுக்கு இப்போது கிடையாது. எங்கள் வார்டுக்கு இன்னும் ஒரு மாதம். புது எழுத்து: “நோயாளி பேசலாம். மற்றவர்கள் காத்திருக்கவும்.” ஒவ்வொரு மருந்துக்கும் முன் நர்ஸ் நலம் கேட்டே ஆக வேண்டும்.

பாதிதான் ஜெயித்தேன். ஆனாலும் படிக்கட்டில் ஓடித்தான் இறங்கினேன்.

மார்ச் 23, திங்கள்

புது ஏப்ரன். சுற்றி முடிக்க இரட்டிப்பு நேரம். ஒருவருக்குத் தலையணை சரியில்லை, ஒருவர் மருமகள் புராணம். நேற்று சேர்ந்த தச்சருக்கு மாத்திரையை நீட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “காலைல குடுத்தது வெள்ளையா இருந்துச்சே சிஸ்டர்.”

அது பக்கத்துப் படுக்கைக்காரருடைய மாத்திரை.

நானே போய்ப் பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். “ஏப்ரன் கட்டியுமா தப்பு?” என்றார்.

“கட்டினதாலதான் சிஸ்டர் மாட்டிக்கிட்டேன்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் வெள்ளை மாத்திரையோடு தச்சரிடம் போய், முதலில் எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன்.