ஆப்பிரிக்கப் பெட்டி

குன்னத்துகால்
12.7.1994

பிள்ளையின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம், சிறகில் கண் போல் புள்ளி உள்ள அந்த எம்பரர் அந்துப்பூச்சிகளைப் பற்றியே இருந்தது. ஜாம்பியாவில் வாத்தியார் வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கொண்ட செய்தி கடைசி வரியில் இருந்தது. படித்தேன்.

பூச்சிகள் நலம்தான். இங்கே மழை விடவில்லை. பூஞ்சை பிடிக்காமல் இருக்க, நீங்கள் அங்கிருந்து அனுப்பியவையும் சேர்த்துப் பூச்சிகளைக் குத்தி வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளை அடுப்பங்கரைச் சூட்டுக்குத் தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது. நிறம் வேறாக இருந்ததால் இரண்டு இனம் என்று நான் பிரித்து வைத்தவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்தான், சேர்த்து வை என்று எழுதியிருந்தீர்கள். சேர்த்து வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற நம் பிள்ளை ரெஜிஷா, எதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று கேட்டாள். நம் ஊரில் பிடித்தவை ஒரு பெட்டி, ஆப்பிரிக்காவில் உள்ளவை இன்னொரு பெட்டி, அப்பா வகுத்த முறை அது என்று சொன்னேன்.

நேற்று ஆப்பிரிக்கப் பெட்டியைத் திறந்தால், பூச்சிகளுக்கு நடுவே உங்கள் புகைப்படம் குண்டூசியில் நின்றது. சிறகுகளில் இருக்கும் கண்களெல்லாம் அதைச் சுற்றி விழித்துக்கொண்டிருந்தன.

"மக்கா, அப்பாக்க படத்த எதுக்கு இதுல வச்ச?"

"ஆப்பிரிக்காவில உள்ளதெல்லாம் இந்தப் பெட்டியில ஆக்கும், அம்மா."

பிள்ளையைத் திட்ட வாய் வரவில்லை. உங்கள் முறைப்படி சரியாகத்தான் வைத்திருக்கிறாள்.

படம் அங்கேயே இருக்கிறது. பெட்டி மாற்ற வேண்டுமென்றால் எழுதுங்கள், மாற்றி வைக்கிறேன்.

இங்கே இருக்கும்,
பிள்ளையின் அம்மா