பதினேழு படகோட்டிகள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்குடா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆன்லைன் கேமை ஆடுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஆடுகிறவர்கள் போட்டுக்கொள்ளப் புதிதாக இரண்டு வேடங்கள் விட்டால்தான் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்கிறார் முதலாளி. ஒன்று வைத்தியர்; அதில் தகராறு இல்லை. இன்னொன்று படகோட்டி. ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஓட்டெடுப்பில் எல்லோரும் கேட்டது அதைத்தான்.

கேமின் கதையை எழுதியவள் நீ. பதினேழு படகோட்டிகளும் வெள்ளத்தில் ஊரைக் கரைசேர்த்துவிட்டு மூழ்கிப்போனார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒருவன் மட்டும் தப்பினான் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு, போதும். நீ வேலையை விட்டு ஏழு வருடமாகியும் உன் நடை இங்கே யாருக்கும் வரவில்லை.

அன்புடன்,
கடைக்குட்டி

ஜூன் 11

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

முழங்கால் அப்படியேதான். பேச்சுக்காவது கேட்டாயே, சந்தோஷம்.

எழுத மாட்டேன். அந்தப் பதினேழு பேரை ஏன் சாகடித்தேன் என்று உனக்கா தெரியாது? படகோட்டியை வரைந்தவன் நம் பெரியவன். குரல் கொடுத்தவனும் அவன். சோதித்துப் பார்க்க அவன் மட்டுமே ஆடிய வேடம் அது. ஆஸ்பத்திரிக்குப் போன உன் அண்ணன் வீடு திரும்பாத அந்த வாரம்தான் வெள்ளத்தை எழுதினேன். அவன் வேடத்தை இனி யாரும் போடக் கூடாது என்றுதான் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. "ஒருத்தனாவது பிழைச்சிருக்கலாமே" என்று ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் எழுதினார்கள்! எனக்கும் அதே ஆசைதான்டா.

கேமை மூடினாலும் பரவாயில்லை. கதையைத் தொடாதே.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. நானே எழுதிவிட்டேன், மூன்று வரி. பதினேழாமவன் கீழ்க்கரையில் ஒதுங்கினான், இப்போது வரும் படகோட்டிகள் அவன் வழிவந்தவர்கள். பழைய ஆட்டக்காரர்கள் கதையில் ஓட்டை என்று கத்துகிறார்கள், பத்து நாளில் அடங்கிவிடும். இங்கே நாற்பது பேர் வேலை பார்க்கிறோம் அக்கா. மூடினாலும் பரவாயில்லை என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய்.

உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். அண்ணன் பேசிய பதிவுகள் பழைய ஃபைலில் அப்படியே இருந்தன. படகோட்டி எல்லோருக்கும் அந்தக் குரலையே வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வேடம் வெளியாகிறது, ஒருமுறை கேமுக்குள்ளே போய்ப் பார்.

கடைக்குட்டி

ஜூலை 9

தம்பிக்கு,

போனேன். உன்னை நம்பி அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கேமின் படகுத்துறையில் நூறு படகோட்டிகளுக்கு மேல் நின்றார்கள். எல்லோரும் "ஏறுங்க, நான் இருக்கேன்ல" என்றார்கள். "என் புள்ள குரல்டி" என்று அம்மா சிரித்தாள். அப்போது ஒருவன் இன்னொருவனை விளையாட்டுக்கு வெட்டினான். விழுந்தவன் அலறினான். சாகும்போது அலறுவதையும் பெரியவன்தான் பதிவு செய்து வைத்திருந்தான். அதை நீ கேட்டுப் பார்க்கவே இல்லையா?

அவன் எழுந்தான். மறுபடியும் வெட்டினார்கள். "இன்னும் எத்தனை தடவைடி?" என்று கேட்டாள் அம்மா. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை.

நாற்பது பேர் பிழைப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் இனி எழுதாதே.

அக்கா

ஜூலை 21

அக்கா,

எழுதாதே என்றாய், தெரியும். இதை மட்டும் படி.

குரலை எடுத்துவிட்டேன். இரண்டே நாள்தான். அந்தக் குரல் இல்லாமல் ஆட மாட்டோம் என்று ஆயிரக்கணக்கில் புகார் வந்தது. முதலாளி திரும்பப் போட்டுவிட்டார். அலறலையும் சேர்த்துத்தான்.

நேற்று வேலையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? அம்மா வேண்டாம் என்றால் வாசலோடு போய்விடுகிறேன்.

கடைக்குட்டி

ஆகஸ்ட் 3

அக்கா, போன கடிதம் கிடைத்ததா?