புல்லுக்குப் போட்ட உப்பு

தூத்துக்குடி
11 ஜனவரி 1948

அன்பு மச்சானுக்கு ரஹ்மத்துன்னிஸா ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது இருந்தவர்கள்: நான், நம் மகள் பதுருன்னிஸா, என் அண்ணன் மூஸா காக்கா, வாசலுக்கு வெளியே தோட்டக்காரர் பிச்சையா. வேறு ஒருவரும் இல்லை. நான்தான் வாசித்தேன். எழுத்துக் கூட்டித் தானாகப் படித்தவள், அதனால் கொஞ்சம் மெதுவாக.

கொழும்புக் கடை நொடித்துக் கிடக்கிறது, ஆகையால் வீட்டை ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஏஜெண்டுக்கு ஐந்து வருஷம் வாடகைக்கு விடப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மாசி மாதம் துரையும் துரைசானியும் பார்க்க வருவார்கள், அதற்குள் முன்பக்கத்துப் புல்தரை பச்சையாகிவிட வேண்டும் என்றும் இருந்தது. அந்த இடம் வந்ததும் மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நம் காயல்காரர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். என் வாப்பா எனக்கு எழுதித் தந்த இந்த வீட்டுக்கு நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள். வீடில்லாத பெண்ணை யார் கேட்டு வருவார்கள்?

"துரைக்கு வீட்டைக் கொடுத்துட்டு, நம்ம புள்ளைக்கு என்னத்தக் கொடுக்கப் போறாராம்? புல்லையா?" என்றார் காக்கா.

புல் வேலை தொடங்கிவிட்டது. வாசல் தண்ணீர்த் தொட்டி ஓரமெல்லாம் புல் சொட்டை சொட்டையாகக் கிடக்கிறது. நடுவில் கோரை. பிச்சையா கோரையைக் கிழங்கோடு கெல்லி எடுத்து, மண்ணைக் கொத்திவிட்டிருக்கிறார். அருகம்புல் வேர் ஏரல் ஆற்றங்கரையிலிருந்து வண்டியில் வருகிறது. செலவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். மகளுக்காக இன்னொரு தடவை யோசியுங்கள்.

இப்படிக்கு,
ரஹ்மத்துன்னிஸா


கொழும்பு
29 ஜனவரி 1948

அன்புள்ள ரஹ்மத்துக்கு,

யோசித்தாயிற்று. ஐந்து வருஷம் ஓடுவது தெரியாது. பதுரு சின்னப் பிள்ளைதானே, அவளுக்கு அப்புறம் பார்ப்போம்.

புல் வேர் பிடித்ததும் உப்புப் போடச் சொல். இங்கே தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் அதுதான் போடுகிறார்கள், புல் கரும்பச்சையாக வருகிறது. வழக்கம்போலக் கணக்குப் பார்த்துக் கைப்பிடி கைப்பிடியாகப் போடாதே. ஒரு மூட்டை போட்டு, பத்து நாள் விட்டு இன்னொரு மூட்டை போடு.

அஹமது கபீர்


தூத்துக்குடி
22 பிப்ரவரி 1948

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

புல் வேர் பிடித்துத் துளிர்விட்டது. நேற்று உப்பும் போட்டாயிற்று. மூட்டையை அவிழ்த்ததும் பிச்சையா, "என்ன தாயி, புல்ல ஊறுகா போடப் போறியளா?" என்று கேட்டார். "மச்சான் எழுதியிருக்காஹ, பேசாமப் போடும்" என்றேன்.

காயல்பட்டினத்திலிருந்து பதுருவைக் கேட்டு ஆள் விட்டிருக்கிறார்கள். பையன் பெயர் யூசுப். தொழுகை தவறாத பிள்ளை என்று காக்கா விசாரித்துச் சொன்னார். வீடு பெண்ணுக்குத்தானா என்று கேட்டார்கள். பிறகு சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

ரஹ்மத்துன்னிஸா


கொழும்பு
20 மார்ச் 1948

ரஹ்மத்,

ஏஜெண்ட் எழுதியிருக்கிறார். முன்பக்கம் உப்பளம் மாதிரி வெளுத்துக் கிடக்கிறதாம். ஒரு புல் உயிரோடு இல்லையாம். கிணற்றுத் தண்ணீரும் இப்படித்தான் உப்புக் கரிக்கும் என்று வேறு வீட்டைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னது உர உப்பு! உரக்கடையில் விற்பது! கறிக்குப் போடுகிற கல்லுப்பையா மூட்டையோடு கொட்டுவார்கள்? இதைத் தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? எனக்கு அதைச் சொல்.

அஹமது கபீர்


தூத்துக்குடி
4 ஏப்ரல் 1948

அன்பு மச்சானுக்கு,

கேட்டதற்குப் பதில். இந்த ஊரில் உப்பு என்றால் உப்பளத்து உப்புதான். வேறொன்றை அந்தப் பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் மூட்டை போட்டபோது எனக்குத் தெரியாது. அல்லாஹ் சாட்சி.

சில நாளில் நுனியெல்லாம் கருகிவிட்டது. பிச்சையா வந்து, "இனிப் போடாதியோ தாயி, புல்லு சாவுது" என்றார். அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே வெகுநேரம் இருந்தேன். பிறகு இரண்டாவது மூட்டையை எடுக்கச் சொன்னேன், தொடமாட்டேன் என்று பிச்சையா போய்விட்டார். நானே இழுத்துப் போய்க் கொட்டினேன். அது தெரிந்து செய்தது. உங்களிடம் பொய் எழுத எனக்கு வராது. கோபித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மேல்மண்ணை வழித்து வெளியே போட்டுவிட்டு, தண்ணீர் கட்டிக் கட்டி வடிக்கிறோம். ஐப்பசி மழை பெய்தால் மிச்ச உப்பும் இறங்கும். பிறகு மறுபடி அருகு நடலாம். அதுவரை வெறுந்தரைதான். பந்தல்கால் ஊன்ற அது தோது.

யூசுப் வீட்டார் போன வெள்ளிக்கிழமை வந்தார்கள். புல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "வீடு புள்ளைக்குத்தானே?" என்று அவன் உம்மா கேட்டாள். இந்தத் தடவை "ஆமா" என்று சொல்லிவிட்டேன். நோன்புக்கு முன்னால் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.

என் காசுமாலையைக் காக்கா கையில் கொடுத்து அடுத்த கப்பலில் அனுப்புகிறேன். கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது என்னுடையது, நான் தருவேன். வீடு பதுருவுடையது.

பெண்ணுக்கு வலியாக, பொறுப்பாளராக நின்று நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் நீங்கள். மாமன் இருந்தாலும் வாப்பாவின் இடத்தில் நிற்க முடியாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லிவிட்டார். பதுரு தினமும் தபால்காரரை எட்டிப் பார்க்கிறாள், கேட்டால் இல்லை என்கிறாள். வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ரஹ்மத்துன்னிஸா