மாடியில் ஒரு குப்பை ஜாடி

ஜூன் 17, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. வசந்தா (இனி வ.) வாங்கி வரச் சொன்னவை: பூந்திக்கொட்டை கால் கிலோ, தேங்காய் நார், மஞ்சப்பை இரண்டு. பாத்திரம் தேய்க்க இனிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடுதானாம். அடுத்து என்னையும் மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று பிரிப்பாள் போல. கேட்டேன்.

"பொறுங்க, யோசிச்சி சொல்றேன்."

கவிதாவைக் கட்டிக்கொடுத்துத் திருப்பூருக்கு அனுப்பி மூன்று மாதம். மகள் போனதிலிருந்து வ. சரியாகப் பேசவில்லை. குப்பை வண்டி அம்மா வந்து, "காய்கறித் தோல தனியா வைங்க, மாடியிலயே உரம் பண்ணலாம்" என்று சொன்னதில்தான் உயிர் வந்தது. அந்த அம்மாவுக்குக் கோடி கும்பிடு.

ஜாடி என் உபயம். நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட ஊறுகாய் ஜாடி. வாய் கொஞ்சம் கோணல், மற்றபடி பளபளப்பு. தோல் எல்லாம் பத்து நாளாக அதில்தான்.

18, புதன்

நாற்றம். ஜாடியைத் திறந்தால் கூழ், புழு. கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா மேலே வந்துவிட்டார்.

"செத்த எலி வாசன வருது வசந்தா. ஞாயித்துக்கெழம வந்து பாப்பேன். அதுக்குள்ள எடுத்துடணும்."

வ. ஜாடியை மூடினாள். அப்புறம் என்னிடம், "எனக்குக் கைராசி இல்லீங்க. எத தொட்டாலும் இப்பிடித்தான்." இரவு சாப்பிடவில்லை. மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. ஜாடி போனால் போகட்டும், இவள் போய்விடக் கூடாது.

19, வியாழன்

வேலை. பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் தொட்டியில் ஜாடியை முக்கி எடுக்கும்போது உறைத்தது. கிளேஸ் பூசிச் சுட்ட ஜாடியில் தண்ணீர் கசியாது, காற்றும் புகாது. குப்பை மூச்சு முட்டி அழுகாமல் என்ன செய்யும்? இருபத்தாறு வருடமாக இதே வேலை. மண்டு, மண்டு.

மேஸ்திரியிடம் கேட்டு, கிளேஸ் போடாமல் ஒரு தரம் மட்டும் சுட்ட ஜாடி இரண்டு. ஆணி வைத்து ஓட்டை போட்டேன். முதல் ஜாடி விரிசல். இரண்டாவது தப்பித்தது.

"குப்ப கொட்டறதுக்கா இவ்ளோ பாடு?" என்றார் மேஸ்திரி. ஆமாம் என்றேன்.

ஈரத்தை இழுக்கத் தச்சுப்பட்டறையில் மரத்தூள் ஒரு பை. வீட்டுக்கு வந்து வ.விடம் ஒப்புக்கொண்டேன்: "தப்பு ஒன் கையில இல்ல. நான் குடுத்த ஜாடியில."

விவரம் கேட்டாள். என் முகத்தையே பார்த்தாள். "கிளேஸ் போடற ஆளுக்கு இது தெரியலியா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இருவருமாக மரத்தூள் கலந்து புது ஜாடிக்கு மாற்றினோம். குளித்தும் நாற்றம் போகவில்லை.

21, சனி

தூறல். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வ. மாடிக்கு நான்கு தடவை. கவிதா போன்: "அம்மா என்னப் பத்தி ஒண்ணுமே கேக்கலப்பா. ஜாடியப் பத்தியே பேசிட்டு வச்சிட்டாங்க."

நல்லதும்மா என்றேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்.

22, ஞாயிறு

வீட்டுக்காரம்மா சொன்னபடி வந்தார். வ. ஜாடியைத் திறந்துவிட்டு முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்தம்மா குனிந்து மோந்து பார்த்தார். இன்னொரு தரமும் மோந்தார்.

"மண்ணு வாசனதான் வருது. சரி, இருக்கட்டும்." இறங்கிப் போய்விட்டார்.

வ. ஜாடிக்குள் கையை விட்டாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். நகமெல்லாம் மரத்தூள்.

"சூடா இருக்குது பாருங்க, உரமாவுது. வேல செய்யுது."

வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.